ஒரு பிள்ளைக்கு எட்டு ஷில்லிங்

நம்மூரில் ஒரு பையனிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டால் "எய்த் ஸ்டாண்டர்டு" என்பான். அமெரிக்கப் பையன் கிரேடு என்பான், இங்கிலாந்துப் பையன் இயர் என்பான். வகுப்பு என்பது பிள்ளைகள் கூடி உட்காரும் கூட்டத்துக்கான சொல். ஸ்டாண்டர்டு என்பது அளவுகோலுக்கான சொல். உட்காரும் கூட்டத்துக்கு அளவுகோலின் பெயர் எப்படி வந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் 1862-ஆம் ஆண்டு லண்டனில் போய் நிற்கும். அங்கிருந்து திரும்பி வரும் வழியில் எழும்பூரும், திண்ணைப் பள்ளியும், நான் பதினோராம் வகுப்பில் படிக்காமல் விட்ட கணக்குப் புத்தகமும் வரும்.

அன்றைய இங்கிலாந்தில் அரசாங்கப் பள்ளி என்று ஒன்று கிடையாது. ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளைச் சர்ச் சார்ந்த சங்கங்கள் நடத்தின. அரசு மானியம் மட்டும் கொடுத்தது. 1833-இல் 20,000 பவுண்டில் தொடங்கிய மானியம் 1861-இல் 8 லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது. கிரிமியப் போர் முடிந்து கஜானா காலியாக இருந்த நேரம். இவ்வளவு பணம் போகிறதே, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்களா என்று பார்க்க ஒரு கமிஷன் போட்டார்கள். நியூகாசில் கமிஷன் என்று பெயர். 1861-இல் அது கொடுத்த அறிக்கையின் சாரம் இதுதான்: ஆசிரியர்கள் மேல் வகுப்பில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள். கடைசி பெஞ்ச் பிள்ளை வாசிக்கத் தெரியாமலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போகிறது.

அப்போது கல்விக்குப் பொறுப்பாக இருந்தவர் ராபர்ட் லோ. அவர் கொண்டுவந்த திருத்தப்பட்ட விதித்தொகுப்பு 1862-இல் அமலுக்கு வந்தது. இந்தத் திட்டம் மலிவாக இருக்கும் என்றோ திறமையாக இருக்கும் என்றோ என்னால் உறுதி தர முடியாது, ஆனால் இரண்டில் ஒன்றாகக் கட்டாயம் இருக்கும் என்கிற பொருளில் அவர் பார்லிமென்ட்டில் பேசினார். பிள்ளைகள் தேறினால் பணம் போகும், தேறாவிட்டால் பணம் மிச்சம். பதிமூன்று வருடமாக ஐ.டி. கம்பெனிகளில் காண்ட்ராக்ட்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு நேர்மையான எஸ்.எல்.ஏ.-வைப் பார்த்ததில்லை.

கணக்கு எளிமையானது. சராசரி வருகையில் ஒரு பிள்ளைக்கு 4 ஷில்லிங். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, குறைந்தபட்ச வருகை இருந்து, ஆண்டுக்கு ஒருமுறை வரும் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று பரீட்சை கொடுத்துத் தேறினால் இன்னும் 8 ஷில்லிங். பரீட்சை மூன்று பாடத்தில்: வாசிப்பு, எழுத்து, கணக்கு. 8 ஷில்லிங் என்பது 96 பென்னி. மூன்றால் வகுத்தால் 32. ஆக, ஒரு பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் பள்ளிக்கு 2 ஷில்லிங் 8 பென்னி வெட்டு. அதற்கு முன்பு ஆசிரியருக்கு அரசிடமிருந்து நேராக வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோனது. எல்லாம் பள்ளி நிர்வாகத்தின் கைக்குப் போனது. நிர்வாகம் மானியத்தைப் பார்த்து ஆசிரியரின் சம்பளத்தைப் பேசியது.

அந்தப் பரீட்சைக்கு ஆறு படிகள் வைத்தார்கள். ஸ்டாண்டர்டு ஒன்று முதல் ஸ்டாண்டர்டு ஆறு வரை. முதல் ஸ்டாண்டர்டில் ஓரசைச் சொற்களால் ஆன கதையை வாசிக்க வேண்டும், எழுத்துகளைச் சொல்லச் சொல்லச் சிலேட்டில் எழுத வேண்டும், 20 வரை எண்களை அடையாளம் காண வேண்டும். ஆறாவதில் செய்தித்தாளில் வரும் சிறிய பத்தி ஒன்றை வாசிக்க வேண்டும், இன்னொரு பத்தியை ஒருமுறை சொல்லக் கேட்டு எழுத வேண்டும், கடைப் பட்டியல் கணக்குப் போட வேண்டும். ஒருமுறை ஒரு ஸ்டாண்டர்டுக்கு நிறுத்திய பிள்ளையை மறுபடி அதே ஸ்டாண்டர்டுக்கு நிறுத்தக் கூடாது. அடுத்த வருடம் மேலே போயாக வேண்டும். சில ஆண்டுகளிலேயே, பிள்ளைகள் எந்தப் பரீட்சைக்குத் தயாராகிறார்களோ அதுவே அவர்கள் உட்காரும் கூட்டத்தின் பெயராகிவிட்டது.

இதில் லோ கேட்ட கேள்வி தப்பான கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அவரை வில்லனாக்கி எழுதுவது சுலபம், பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் கடைசி பெஞ்ச் பிள்ளைக்கும் முதல் பெஞ்ச் பிள்ளைக்கும் ஒரே விலை என்று ஒரு அரசு எழுத்தில் போட்டது அதுதான் முதல்முறையாக இருக்கலாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கூப்பிட்டு உனக்கு வாசிக்க வருகிறதா என்று கேட்டது அந்தத் திட்டம். இன்றைக்கு நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கிறார்கள் என்று கணக்கெடுத்துக் கவலைப்படுகிறோம் அல்லவா, அதே கவலைதான். கெட்டுப்போனது வேறு இடத்தில்.

*

மேத்யூ ஆர்னால்டைக் கவிஞராகத்தான் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் அறிவார்கள். அவர் சோறு சாப்பிட்டது பள்ளி இன்ஸ்பெக்டர் வேலையில். 1851 முதல் 1886 வரை 35 ஆண்டுகள் ரயிலேறி ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டார். அரசு ஊழியராக இருந்துகொண்டே 1862-இல் இந்த விதித்தொகுப்பைத் தாக்கிப் பெயர் போடாமல் ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். பிறகு ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும், தன் மேலதிகாரிகளுக்கே, அதையே பொறுமையாக எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதில் முக்கியமானது வாசிப்புத் தேர்வு பற்றியது. வருடத் தொடக்கத்தில் ஒரு வாசிப்புப் புத்தகத்தைப் பள்ளி தேர்ந்தெடுக்கும். இன்ஸ்பெக்டர் வந்து அந்தப் புத்தகத்திலிருந்துதான் வாசிக்கச் சொல்வார். எனவே வருடம் முழுக்க அந்த ஒரே புத்தகம். திரும்பத் திரும்ப வாசித்து, ஜூன் மாதத்தில் திக்கிய பிள்ளைக்கு அடுத்த மே மாதம் முழுப் புத்தகமும் மனப்பாடம். பக்கத்தைக் காட்டினால் கடகடவென்று சொல்லிவிடும். பாஸ். 2 ஷில்லிங் 8 பென்னி. அதே பிள்ளையிடம் அதே அளவு எளிமையான வேறு புத்தகத்தைக் கொடுத்தால் முழிக்கும். வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் உண்மையில் தெரியாத பிள்ளையை வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் தேற வைக்க முடியும், அதற்கு ஆசிரியரின் சாமர்த்தியம் போதும் என்று ஆர்னால்ட் 1869 அறிக்கையில் எழுதினார்.

2015-இல் ஃபோக்ஸ்வாகன் கார்கள் மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? சோதனை மேடையில் கார் ஓடுகிறதா ரோட்டில் ஓடுகிறதா என்பதை ஸ்டீரிங் அசைவு மாதிரியான அறிகுறிகளை வைத்து மென்பொருள் கண்டுபிடிக்கும். மேடை என்றால் புகையைக் குறைக்கும், ரோடு என்றால் வழக்கம்போலக் கக்கும். அந்தக் கோடை எழுதியவர்களும் என்னைப் போல எஞ்சினியர்கள்தான், ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்து டெட்லைன் பேசியிருப்பார்கள். ஆர்னால்ட் பார்த்த பிள்ளையும் சோதனை மேடையில் மட்டும் நன்றாக ஓடும் வண்டிதான். வித்தியாசம் என்னவென்றால், காருக்குத் தான் ஏமாற்றுகிறோம் என்று தெரியாது. பிள்ளைக்கும் தெரியாது. தனக்கு வாசிக்க வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு அது பள்ளியை விட்டுப் போனது.

மூன்று பாடத்துக்குத்தான் காசு என்பதால் பூகோளமும் சரித்திரமும் வகுப்பறையை விட்டு மெல்ல வெளியேறின. பிறகு அவற்றுக்கும் தனியாகக் காசு வைத்துத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. ஆசிரியர் வேலைக்குப் பயில வரும் இளையோர் குறைந்தார்கள். லோவின் வாக்கில் மலிவு என்கிற பாதி பலித்தது. 1865-இல் மானியச் செலவு சுமார் 6 லட்சத்து 36 ஆயிரம் பவுண்டாக இறங்கியிருந்தது.

இந்த விதித்தொகுப்பு செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தலைமையாசிரியரும் லாக் புக் எழுத வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அன்றன்று நடந்ததை மட்டும் எழுத வேண்டும், பொதுவான கருத்துகளோ சிந்தனைகளோ எழுதக் கூடாது என்று விதியே இருந்தது. எங்கள் டீமில் புதிதாகச் சேர்பவர்களுக்கு லாக் எப்படி எழுத வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுப்பதும் இதையேதான். மழை, அறுவடை, அம்மை, இன்ஸ்பெக்டர் வருகை என்று அந்த நோட்டுகள் நிறைந்து கிடக்கின்றன. ஏழைப் பிள்ளைகளின் பள்ளி நாட்கள் எப்படி இருந்தன என்று வரலாற்றாசிரியர்கள் இன்று எழுத முடிகிறதென்றால் பெரும்பாலும் அந்த நோட்டுகளால்தான்.

*

இதற்கு எழுபது வருடம் முன்னால், இதே இங்கிலாந்துக்குச் சென்னையிலிருந்து ஒரு கற்பித்தல் முறை போயிருந்தது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 முதல் எழும்பூரில், ராணுவத்தினரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தினார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்திருக்கிறார். அவர் அதை மலபார் பள்ளி என்று எழுதினார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்குத் தமிழரும் மலபார்தான். தன் பள்ளியின் ஆசிரியர்கள் மணலில் எழுதும் முறைக்கு ஒத்துழைக்காததால், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை விட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரச் செய்தார். பையன் ஆசிரியர்களைவிட நன்றாகச் செய்தான். பெல் ஊர் திரும்பி 1797-இல் இதைப் புத்தகமாகப் போட்டார். மெட்ராஸ் சிஸ்டம் என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது நம் திண்ணைப் பள்ளிகளில் புதிதல்ல. அதற்குச் சட்டாம்பிள்ளை என்று பதவியே உண்டு. உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் தன் திண்ணைப் பள்ளி நாட்களை எழுதியிருப்பதைப் படித்தவர்களுக்குச் சட்டாம்பிள்ளையின் அதிகாரம் எவ்வளவு என்று தெரியும். 1822-இல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுக்கப் பள்ளிக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள் என்று எண்ணிக்கை வந்தது. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி.

இந்தப் பள்ளிகளில் பரீட்சை என்று தனியாக ஒரு நாள் கிடையாது. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று வரிசை உண்டு. எண்ணில் தொடங்கிக் கீழே முந்திரி வரை, அதாவது 320-இல் ஒரு பங்கு வரை, பின்னங்கள் உண்டு. ஒரு பிள்ளை ஒரு வாய்பாட்டை முழுக்கச் சொல்லி, கேட்கிற இடத்தில் கேட்டால் பதில் சொல்லிவிட்டால் அடுத்ததற்குப் போகும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இன்னும் முதல் வாய்பாட்டிலேயே இருக்கலாம். அவரவர் வேகம் அவரவருக்கு. சோதனையும் பாடமும் ஒரே மூச்சில் நடந்தன. திண்ணைப் பள்ளியின் மனப்பாடத்தை வெறும் உருப்போடுதல் என்று ஒதுக்கிவிட முடியாது, நினைவே அங்கே கற்கும் வழியாக இருந்தது என்று கணித வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு வாதிடுகிறார். எனக்கு அது சரியாகவே படுகிறது. நெல் அளக்கிற இடத்தில் நின்று அரைக்காணியையும் மாகாணியையும் மனசுக்குள் கூட்டுகிறவனுக்கு அந்த மனப்பாடம் ஒரு கருவி. ஆர்னால்ட் பார்த்த பிள்ளையின் மனப்பாடத்துக்கு அந்த ஒரு நாளைத் தாண்டி எந்த உபயோகமும் இல்லை.

திண்ணையைப் பற்றி ரொம்ப உருகவும் வேண்டாம். பிரம்பு இருந்தது. பெண் பிள்ளைகள் அபூர்வம். ஊரின் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குச் சாதியின் பெயரால் அந்தத் திண்ணையில் ஏறவே இடமில்லை. இதெல்லாம் கணக்கில் சேராமல் பழைய பெருமை பேசுகிறவர்களின் வாட்ஸப் ஃபார்வர்டுகள் எனக்கும் வருகின்றன.

லோவின் முறை கப்பலேறிச் சென்னைக்கு வந்ததும் வந்து விழுந்தது இந்தத் திண்ணைமேல்தான். 1860களில் மாகாண மானிய விதிகளில் ரிசல்ட் பார்த்துப் பணம் கொடுக்கும் முறை நுழைந்தது. அதுவரை வாத்தியாரின் வருமானம் ஊரிடமிருந்து வந்தது. மாதத்துக்கு இவ்வளவு என்று காசு, அறுவடையில் நெல், நவராத்திரியில் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிச் சேர்க்கும் சில்லறை. இப்போது சர்க்கார் ஆள் வந்தார். அச்சடித்த புத்தகம் வையுங்கள், இந்தந்த ஸ்டாண்டர்டுக்கு இன்னின்னது, நாங்கள் வந்து கேட்போம், தேறுகிற பிள்ளைக்குத் தலைக்கு இவ்வளவு என்றார். வாத்தியார் என்ன செய்வார்? அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அளவுகோலில் இருந்ததை நடத்தினார். அதில் இல்லாதது மெல்ல உதிர்ந்தது. முந்திரியும் காணியும் நம் தாத்தாக்களோடு போய்விட்டதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். அவற்றுக்கு மார்க் இல்லாமல் போனது அதில் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

1882-இல் ஹண்டர் கமிஷன் ஆரம்பப் பள்ளிகளுக்கு இந்த ரிசல்ட் முறையையே சிபாரிசு செய்தது. இங்கிலாந்தில் 1890களில் அதைப் படிப்படியாகக் கைவிட்டார்கள். இந்தியாவில் கர்சன் காலத்து 1904 கல்வித் தீர்மானத்தோடு அது போனது. போனது என்று காகிதத்தில் இருக்கிறது.

*

நான் பதினொன்றும் பன்னிரண்டும் படித்தது ஒரு தனியார் விடுதிப் பள்ளியில். பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்தில் அப்போது அநேகமாக எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரிதான். பதினோராம் வகுப்பு ஜூன் மாதம் முதல் நாள் எங்கள் மேசையில் வைக்கப்பட்டது பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம். பதினோராம் வகுப்புப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் ஸ்டோர் ரூமில் இருந்தன. பொதுத்தேர்வு பன்னிரண்டுக்குத்தானே? 1200-க்கு எவ்வளவு என்பதுதானே ஊர் முழுக்க ஃப்ளெக்ஸில் வரும்? ஆகவே ஒரே புத்தகத்தை இரண்டு வருடம். ஆர்னால்ட் பார்த்த பள்ளியில் ஒரு வருடம்தான்.

பதினோராம் வகுப்புக் கணக்கில் வகைநுண்கணிதம் அடிப்படையிலிருந்து தொடங்கும். பன்னிரண்டில் இருப்பது வகைநுண்கணிதத்தின் பயன்பாடுகள். நாங்கள் பயன்பாட்டை மட்டும் படித்தோம். எதன் பயன்பாடு என்று யாரும் சொல்லவில்லை. டி.ஒய் பை டி.எக்ஸ் என்றால் இந்த மாதிரிக் கேள்விக்கு இந்த இரண்டாவது ஸ்டெப்பில் எழுத வேண்டிய ஒன்று. எனக்குக் கணக்கில் 200-க்கு 198 வந்தது. எஞ்சினியரிங் முதல் செமஸ்டரில் ஒரு பேராசிரியர் லிமிட் என்றால் என்ன, யாராவது ஒருத்தர் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். அறுபது பேர் வகுப்பு. பாதிப் பேர் 190-க்கு மேல். நிசப்தம். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. வருஷா வருஷம் கேட்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போர்டு பக்கம் திரும்பினார்.

அதற்கு ஒரு துணைக் கருவியும் இருந்தது. புளூபிரிண்ட். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை பத்து மார்க், எத்தனை ஆறு மார்க் என்கிற அட்டவணை. அதை வைத்துக்கொண்டு எந்தெந்தப் பாடத்தை விட்டுவிடலாம் என்று விடுதியில் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து திட்டம் போடுவோம்.

இந்தப் புளூபிரிண்டின் பூர்வீகம் தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. அமெரிக்கரான ரால்ஃப் டைலர் 1949-இல் எழுதிய சின்னப் புத்தகம் ஒன்றில் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு நான்கு கேள்விகள் வைத்தார். பிள்ளை எதை அடைய வேண்டும், அதற்கு என்ன அனுபவங்களைக் கொடுக்கலாம், அவற்றை எப்படி வரிசைப்படுத்துவது, அடைந்துவிட்டது என்று எப்படி அறிவது. அவரது மாணவர் பெஞ்சமின் புளூம் 1956-இல் தன் சகாக்களோடு கற்றலின் நோக்கங்களை அடுக்கினார். நினைவுகூர்தல் அடியில், அதற்கு மேலே புரிதல், பயன்படுத்துதல், பகுத்தல் என்று மேலே போகும். பி.எட். படித்த எல்லாருக்கும் இந்தக் கோபுரம் தெரியும். அந்தப் புளூமே 1957-இல் இந்தியாவுக்கு வந்து, தேர்வுச் சீர்திருத்தம் பற்றி ஆசிரியர்களுக்குப் பயிலரங்குகள் நடத்தினார். 1958-இல் மத்தியத் தேர்வுப் பிரிவு என்ற ஒன்று உருவானது. கேள்வித்தாள் எடுக்கிறவர் தோன்றியபடி எடுக்காமல், எந்த நோக்கத்துக்கு எத்தனை கேள்வி, எந்தப் பகுதிக்கு எவ்வளவு மதிப்பெண் என்று முதலில் வரைபடம் போட்டுக்கொண்டு எடுக்க வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் பாடம். மனப்பாடத்தை உடைக்க வந்த கருவி. முப்பது நாற்பது வருடத்தில் அது எங்கள் விடுதிக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தபோது, எதை மனப்பாடம் செய்தால் போதும் என்று சொல்கிற கருவியாகியிருந்தது.

சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பொருளாதாரர் 1975-இல் பணக் கொள்கை பற்றிச் சொன்னது இப்போது அவர் பெயரிலேயே ஒரு விதியாக எல்லா ஸ்டார்ட்அப் பிரசன்டேஷனிலும் வருகிறது. அளவுகோலை இலக்காக்கினால் அது அளவுகோலாக இருப்பதை நிறுத்திவிடும் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1969-இல் அமெரிக்காவின் டெக்சார்கானாவில் ஒரு தனியார் கம்பெனிக்குப் பிள்ளைகளின் முன்னேற்றத்தைப் பார்த்துப் பணம் தருவதாக ஒப்பந்தம் போட்டார்கள். தேர்வுக் கேள்விகளையே முன்கூட்டி நடத்தியிருக்கிறார்கள் என்று அடுத்த வருடம் தெரியவந்தது. லோ பெயரை அங்கே யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

*

என் அக்கா அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் நோட்ஸ் ஆஃப் லெசன் எழுதிக்கொண்டிருப்பாள். ஆர்வமூட்டல், பாட அறிமுகம், விளக்கம், தொகுத்தல், மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்று கட்டம் கட்டமாக. இந்தக் கட்டங்களுக்கும் ஒரு வம்சாவளி உண்டு. கான்ட் உட்கார்ந்த தத்துவ நாற்காலியில் கோனிக்ஸ்பெர்கில் பின்னால் வந்து உட்கார்ந்தவர் ஹெர்பார்ட். ஒரு புதிய கருத்து மனதில் ஏற்கெனவே இருக்கும் கருத்துகளோடு சேர்ந்துதான் உள்ளே நுழைய முடியும் என்றார். அவருக்குப் பின் வந்த சில்லரும் ரைனும் அதை ஐந்து படிகளாக்கினார்கள். தயார்ப்படுத்து, முன்வை, இணை, பொதுமையாக்கு, பயன்படுத்து. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் அந்த ஐந்தை உலகம் முழுக்க எடுத்துப்போயின. மனம் எப்படிக் கற்கிறது என்பதைப் பற்றிய ஒரு தத்துவம், கடைசியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டில் வந்து நிற்கிறது.

"இதை யாராவது படிப்பாங்களாக்கா?"

"ஹெச்.எம். கையெழுத்துப் போடுவாங்க."

"படிச்சுட்டா?"

"கையெழுத்துப் போடுவாங்கன்னு சொன்னேன்ல."

அவளுடைய உண்மையான பாடத்திட்டம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதில் கேள்விகள் மட்டும்தான். ஆறாம் வகுப்புக்குத் தசமம் நடத்தும்போது இரண்டு கேள்வி வைத்திருந்தாள். 0.5, 0.45 இரண்டில் எது பெரியது? 0.6, 0.73 இரண்டில் எது பெரியது? நான் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

அவள் சொன்னது: முதல் கேள்விக்கு 0.45 என்கிற பிள்ளை, 45 ஐந்தைவிடப் பெரியது என்று முழு எண்ணாகப் பார்க்கிறது. அது தெரிந்த தப்பு. ஆனால் 0.5 என்று சரியாகச் சொல்லும் பிள்ளைகளில் சிலர், புள்ளிக்குப் பின் இலக்கம் கூடக் கூட எண் சின்னதாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். அவர்கள் இரண்டாவது கேள்விக்கு 0.6 பெரியது என்பார்கள். முதல் ரகப் பிள்ளை இரண்டாவது கேள்வியில் 73 பெரியது என்று சரியாகவே சொல்லிவிடும். ஒரு கேள்வி மட்டும் கேட்டால் ஒரு ரகம் தப்பிவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் யாருக்கு உண்மையில் தெரியும் என்று தெரியும். "ரெண்டு ரகத்துக்கும் நாளைக்கு வேற வேற பாடம்டா. ஒருத்தனுக்கு ஒரு ரூபா, பத்துப் பைசா வச்சு. இன்னொருத்தனுக்கு எண்கோடு வச்சு."

இந்தச் சோதனைக்கு மார்க் கிடையாது. பதில்கள் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது. நாளைய பாடத்தை முடிவு செய்வதோடு அதன் வேலை முடிந்தது. மைக்கேல் ஸ்கிரிவன் 1967-இல் மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்தார். வடிவமைக்க உதவுவது ஒன்று, முடிவில் தீர்ப்புச் சொல்வது இன்னொன்று. நம் ஊரில் வளரறி, தொகுத்தறி என்று பெயர் வைத்து 2012-இலிருந்து பள்ளிகளில் நடத்துகிறோம். வளரறிக்கு 40 மார்க் வைத்தோம். மார்க் வைத்ததும் அதுவும் தீர்ப்பாகிவிட்டது. சார்ட் பேப்பர் கடைகளுக்குத்தான் வியாபாரம்.

ஒரு காலம் தமிழ்நாட்டில் வேறு மாதிரியும் முயன்றார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில், ஆந்திரத்தின் ரிஷி வேலி பள்ளியிடமிருந்து கற்றுக்கொண்டு, செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். 2007-08-இல் மாநிலம் முழுக்கப் போனது. தரையோடு ஒட்டிய கரும்பலகை, தலைக்கு மேல் பிள்ளைகளின் படங்கள் தொங்கும் கம்பிப் பந்தல், எண் போட்ட அட்டைகள், சுவரில் ஏணி. பிள்ளை தன் ஏணியில் எங்கே நிற்கிறதோ அந்த அட்டையை எடுக்கும். சோதனையும் ஓர் அட்டைதான். தயாரானதும் எடுக்கலாம், வரவில்லையென்றால் சில அட்டை பின்னால் போய்த் திரும்ப வரலாம். குறைகள் இருந்தன. பிள்ளைகள் அட்டையை நிரப்பிக்கொண்டே போனார்கள், டீச்சர் பேசுவதே குறைந்துவிட்டது என்று அக்காவின் தோழிகள் சொல்வார்கள். ஆனாலும் அந்த ஏணியைப் பார்க்கும்போதெல்லாம் எண்சுவடியும் அவரவர் வேகமும் ஞாபகம் வருகிறது. திண்ணையில் ஏற முடியாமல் போன பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இந்த ஏணியில் ஏறினார்கள் என்பது கூடுதல்.

2017-இல் தமிழ்நாட்டில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். பதினோராம் வகுப்புப் பாடம் நடத்தப்படுவதில்லை என்பது ஊரறிந்த ரகசியமாக இருந்ததால் 2017-18 முதல் அதற்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 1200 மதிப்பெண் 600 ஆனது. பதினோராம் வகுப்புப் புத்தகத்துக்கு உயிர் வந்தது, உண்மை. தேர்வு வைத்துத்தான் ஒரு புத்தகத்தைப் பிரிக்க வைக்க முடியும் என்கிற நிலையை என்னவென்று சொல்ல. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு, பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு இனி இல்லை என்று அறிவித்தார்கள். பிள்ளைகளுக்கு மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது பாரம்தான்.

எட்மண்ட் ஹோம்ஸ் என்று ஒருவர். ஆர்னால்டைப் போலவே கவிதை எழுதிய இன்ஸ்பெக்டர். 1875-இல் வேலைக்குச் சேர்ந்து தலைமை இன்ஸ்பெக்டராக உயர்ந்து, ஓய்வு பெற்றதும் 1911-இல் ஒரு புத்தகம் எழுதினார். ரிசல்ட் முறையை நிறுத்திய பிறகு பள்ளிகளில் என்ன நடந்தது என்று அதில் சொல்கிறார். விதி போய்விட்டது, ஆனால் ஆசிரியர்கள் அதே புத்தகத்தை அதே மாதிரி நடத்திக்கொண்டிருந்தார்கள். 33 வருடம் இயந்திரமாக நடத்திவிட்டு, ஒரு நாள் காலையில் இனி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் என்றால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கிறார். அவர்கள்மேல் அவருக்குக் கோபமில்லை.

அக்காவிடம் படித்துப் பத்தாவது முடிக்கும் நான்கைந்து பிள்ளைகள் இந்த ஜூனில் வெளியூர்ப் பள்ளிகளில் பதினொன்று சேர்கிறார்கள். முதல் நாள் மேசையில் எந்த வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அன்றைக்கே தனக்கு போன் பண்ணச் சொல்லியிருக்கிறாள்.